ரஷ்யப் புரட்சி அனார்க்கிஸ்டுகளை எப்படி மாற்றியது?
அரசே வேண்டாம் என்ற அவர்களுக்கு அது முதலில் பெரிய நம்பிக்கை தந்தது. அமெரிக்கா நாடுகடத்திய அனார்க்கிஸ்டுகள் எம்மா கோல்ட்மேனும் அலெக்சாண்டர் பெர்க்மனும் 1920 ஜனவரியில் ரஷ்யா வந்தபோது, புரட்சியில் ஆட்சியைப் பிடித்த லெனினின் கட்சியான போல்ஷெவிக்குகளை ஆதரிக்கும் மனநிலையில்தான் இருந்தார்கள். 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள் சோவியத்துகளுக்கு, அதாவது தொழிலாளர், படைவீரர் மன்றங்களுக்கு, சுதந்திரமான தேர்தல் கேட்டு எழுந்தார்கள். போல்ஷெவிக் அரசின் செம்படை உறைந்த கடல்மேல் போய் அவர்களை நசுக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் கோல்ட்மேனும் பெர்க்மனும் மனம் உடைந்து வெளியேறினார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது உக்ரைன். அங்கே அனார்க்கிஸ்ட் தலைவர் மக்னோவின் விவசாயப் படை தோற்றது. அப்புறம் 1926இல், பாரிஸில் அவரும் தோழர்களும் தங்கள் பக்கத் தவறையும் பார்த்தார்கள்: சிதறிக் கிடந்தது போதும், கட்டுக்கோப்பான அமைப்பு வேண்டும் என்றார்கள். இதில் அதிகார வாடை அடிக்கிறது என்று இத்தாலிய அனார்க்கிஸ்ட் மலடெஸ்டா எதிர்த்தார்.

சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரும் பிறகு அனார்க்கிஸ்ட் ஆனார்.