குடியை நிறுத்தினால் மூன்றாம் நாள்: சிஸ்டர் பதில்கள்

மனநல வார்டில் 31 வருடம் நர்ஸ் வேலை. அதில் கடைசி 14 வருடம் குடிநோயாளிகளுக்குக் கவுன்சலிங்கும் சேர்ந்துகொண்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிஸ்டர், அப்பாவுக்கு 58 வயது. தினமும் இரண்டு குவார்ட்டர். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு அன்றோடு விடப்போகிறேன் என்கிறார். விடலாமா?

மாலை போடட்டும். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடட்டும், தம்பி. இவ்வளவு குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கு அப்புறம் நான்காம் நாள் வரை புத்தி தடுமாறும் ஆபத்து இருக்கிறது.

கார்த்திகை பிறந்தால் எங்கள் வார்டுக்குக் கறுப்பு வேட்டியோடு இரண்டு பேராவது வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு பஸ் கண்டக்டர், மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் இல்லாத டிக்கெட்டை விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். பிபி பார்க்கப் போன என்னிடமும் ஒன்றை நீட்டி, "சில்லறையா குடும்மா" என்றார். உடம்பு அனலாகக் கொதித்தது. சிரித்துவிட்டு நகர்ந்திருந்தால் விடிவதற்குள் ஆள் போயிருப்பார். வீட்டில் இப்படி நடந்தால் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். நேரம் அதிலேயே போய்விடுகிறது.

முன்பு வலிப்பு வந்தவர் என்றால் அட்மிஷன்தான். மற்றவர்களுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார். இன்னொன்று, "சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் போடுங்க" என்று தெருமுனைக் கிளினிக்கில் நீங்களாகக் கேட்காதீர்கள். குடிப்பவர் உடம்பில் தயமின் (பி1 வைட்டமின்) வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிக்கிறவர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம்.

அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே?

கலக்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது டைசல்ஃபிரம். சாராயம் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற விஷப்பொருள் உண்டாகும். அது மேற்கொண்டு உடையாமல் இந்த மாத்திரை தடுத்துவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, பிபி இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட இப்படி ஆகலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில்தான் குடிக்காமல் இருப்பார். தெரியாதவருக்கு என்ன பயம்? வழக்கம்போல் குடித்துவிட்டு வருவார். இப்படி எங்களிடம் வந்து பிழைத்த ஒருவர், விஷயம் தெரிந்ததும் ஒரு வருடம் மனைவி கையால் சாப்பிடவில்லை. அவரே சம்மதித்து, டாக்டர் சொன்னபடி தினமும் உங்கள் கண்முன் விழுங்கினால், நல்ல மருந்துதான்.

நான் பீர் மட்டும்தான் சிஸ்டர்.

8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒன்றரை பாட்டில், ஒரு குவார்ட்டர் பிராந்திக்குச் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மறுவாழ்வு இல்லத்தில் என் மாமாவைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். "வேற வழியில்லை" என்கிறார்கள்.

இன்றே கூட்டி வந்துவிடுங்கள். 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி சங்கிலி போடக்கூடாது. ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

நர்சிங் படிக்கிறேன். அடுத்த மாதம் சைக்கியாட்ரி (மனநல வார்டு) போஸ்டிங். நோயாளிகள் அடிப்பார்களா அக்கா?

என்னை இரண்டு முறை அடித்திருக்கிறார்கள். ஒரு முறை தப்பு என்னுடையது. நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் வழியை மறித்து நின்றிருந்தேன். அப்படி நிற்காதே. ஐடி கார்டைக் கழுத்தில் தொங்கவிடாதே. மற்றபடி, பேசவேண்டும் என்று ஏங்குகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

தம்பி எட்டு மாதம் தொடவில்லை. போன வாரம் ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டான். எல்லாம் வீண்தானா?

எட்டு மாதம் எங்கும் போய்விடவில்லை. தொடர்ந்து குடிக்கிறான் என்றால் உடனே கூட்டிப்போங்கள். "ஏன்டா குடிச்ச" என்று கேட்டால் பதில் வராது. நான் அன்று காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். எத்தனை மணிக்குப் போனாய், சாப்பிட்டாயா, பந்தலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய். பல பேருக்கு முதல் மடக்குக்கு முன்பே மனசு முடிவு பண்ணியிருக்கும். ஒருவர் சொன்னார்: "பாடைக்கு மூங்கில் வாங்க என்னை அனுப்பினாங்க சிஸ்டர். மூங்கில் கடைக்கு எதிர்லதான் டாஸ்மாக்." அடுத்த சாவுக்கு அவர் பூ வாங்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.