மார்கழியில் வைத்த வேகம் சித்திரையில் நிற்காது

கேள்வி: மன்னார்குடியில் கல்யாண வீடியோ, ஆல்பம் வேலை செய்கிறேன். கார்த்திகையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். ஐ5-2500கே பிராசசர், இசட்77 போர்டு, 16 ஜிபி ராம். விற்றவரே 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் (பிராசசரை அதன் சொந்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது) செய்து கொடுத்தார். தை, மாசி வரை குறையில்லாமல் ஓடியது. இப்போது வீடியோ ரெண்டர் ஆகும்போது பிற்பகலில் தானாக அணைந்து எழுகிறது. சில நாள் நீலத்திரையும் வருகிறது. சூடுதான் காரணம், 7,000 ரூபாய்க்கு வாட்டர் கூலர் போட வேண்டும் என்கிறார் விற்றவர். போடலாமா?

பதில்: வேண்டாம். பணம் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் எழுதியிருக்கும் கோளாறுக்கு வாட்டர் கூலர் மருந்தில்லை.

பிராசசர் சூடானதும் அணைந்துவிடும் என்பது கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. 2500கே பிராசசருக்கு உச்ச வரம்பு 98 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரெண்டர் இழுத்துக்கொண்டு போகும், ஆனாலும் ஓடும். கூலரே கழன்றுவிட்டால்தான் அதையும் மீறிச் சூடேறி அணையும். ஆகவே கோளாறை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை மந்தமானால் சூடு. நீலத்திரை வந்தால், பெரும்பாலும் வைத்திருக்கும் வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. கரண்ட் போனதுபோல் சட்டென்று அணைந்து எழுந்தால் எஸ்.எம்.பி.எஸ். (கேபினட்டுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), யூ.பி.எஸ்., சுவரில் வரும் மின்சாரம், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் கோளாறு. உங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

முதல் வேலையாக பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போய் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். 'லோட் டிஃபால்ட்ஸ்' என்றே எழுதியிருக்கும். பிராசசர் தன் சொந்த 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், தேவைப்படும்போது 3.7 வரை தானே ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் பிற்பகலில் அதே ரெண்டரை ஓடவிடுங்கள். அப்போதும் அணைந்தால் ஓவர்கிளாக் மேல் பழி போட வேண்டாம், நேராக எஸ்.எம்.பி.எஸ். பற்றி எழுதியிருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

அணையவில்லை என்றால், விற்றவர் வைத்த அளவுதான் குற்றவாளி. மார்கழியில் உங்கள் கடை 26 டிகிரி இருந்திருக்கும். சித்திரையில், அதுவும் மாடியில் தகரக் கூரையின் கீழ் என்றால், 38 இருக்கும். அந்த 12 டிகிரி அப்படியே பிராசசரின் தலையில் ஏறும். அன்று 70 காட்டியது இன்று 82 காட்டும். 98-ஐ இன்னும் தொடவில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் சிலிக்கான் சூடேற ஏற, அதே வேகத்தில் தடுமாறாமல் ஓட அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். குளிர்காலத்தில் விளிம்பில் நிறுத்திவைத்த அளவு கோடையில் விளிம்பைத் தாண்டிவிடும். நீலத்திரையில் 124 அல்லது 101 என்று முடியும் பிழை எண் வந்தால், பெரும்பாலும் இதுதான் சங்கதி. விற்பவருக்கு இதெல்லாம் தெரியும். கார்த்திகை இரவில், அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டால் அவர் வேலை முடிந்தது.

சரி, வோல்டேஜை இன்னும் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கும். சூடு, வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை 4.5-க்கு, 1.38 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் சூடு ஏறத்தாழ 1.8 மடங்கு. 4.2-க்கு, 1.28 வோல்ட்டில் நிறுத்தினால் ஒன்றரை மடங்குக்குள் நின்றுவிடும். இழப்பு என்ன? 60 நிமிட ரெண்டர் 64 நிமிடமாகும், அவ்வளவுதான். அந்த நான்கு நிமிடத்துக்கு 7,000 ரூபாய் கேட்கிறார்.

ஆகவே பயாஸில் 42 என்ற மல்டிபிளையரை வையுங்கள்; அடிப்படை வேகமான 100 மெகாஹெர்ட்ஸை அது பெருக்கி 4.2 கிகாஹெர்ட்ஸ் ஆக்கும். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். ஆட்டோவில் விட்டால் போர்டு தாராளமாக ஊற்றும். 1.28-இல் தொடங்கி, நீலத்திரை வந்தால் 0.01 வீதம் ஏற்றுங்கள். 1.35-ஐத் தாண்ட வேண்டியிருந்தால் ஏற்றுவதை நிறுத்திவிட்டு வேகத்தை 41, 40 என்று இறக்குங்கள். 'பிசிஎல்கே' என்று எழுதியிருக்கும் அந்த 100-ஐத் தொடவே கூடாது. சோதனையை அக்னி நட்சத்திர வெயிலில், பகல் 2 மணிக்கு, கடையின் எல்லா விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது செய்யுங்கள். பிராசசரை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் அரை மணி நேரம், பிறகு உங்கள் உண்மையான கல்யாண ரெண்டர் ஒன்று முழுதாக. 85 டிகிரிக்குள் நின்றால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் இருப்பது 2500கே என்று நீங்களே பார்த்தீர்களா, விற்றவர் சொன்னாரா? சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் முதல் வரியிலேயே பெயர் இருக்கும். ஏன் கேட்கிறேன் என்றால், இசட்77 போர்டில் 3570கே-யும் அதே சாக்கெட்டில் உட்காரும். 2500கே 2011-இல் வந்தது. அதன் சிலிக்கானுக்கும் மேலே தெரியும் உலோக மூடிக்கும் இடையே ஈயப்பற்று போன்ற உலோகப் பிணைப்பு. அடுத்த ஆண்டு வந்த 3570கே-யில் இன்டெல் அதை எடுத்துவிட்டு சூட்டைக் கடத்தும் வெறும் பேஸ்ட்டைத் தடவியது. காகிதத்தில் 2500கே 95 வாட், 3570கே 77 வாட். இதைக் காட்டி "புது தலைமுறை சார், சூடே ஆகாது" என்பார்கள். எடுக்கும் மின்சாரம் குறைவு என்பது சரி. ஆனால் சூடு மூடிக்கு வந்தால்தானே கூலர் அதை வாங்கிக்கொள்ளும்? உள்ளேயே தங்கிவிடுவதால், ஓவர்கிளாக் செய்தால் இதுதான் அதிக டிகிரி காட்டும். மேலே எத்தனை ஆயிரத்துக்குக் கூலர் போட்டாலும் பலன் பாதிதான். உங்களுடையது 3570கே என்றால் 4.0-இலிருந்து தொடங்குங்கள், 1.2 வோல்ட்டை ஒட்டியே நில்லுங்கள், உச்ச வரம்பு அதற்கு 105 டிகிரி என்பதை நினைவில் வையுங்கள். பிளேடால் மூடியைத் திறந்து பேஸ்ட் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் பிராசசர் போயிற்று.

இனி எஸ்.எம்.பி.எஸ். என் கோபமெல்லாம் இங்கேதான். பழைய கம்ப்யூட்டர் விற்பவர்கள் பிராசசர் பெயரைப் பத்து முறை சொல்வார்கள், எஸ்.எம்.பி.எஸ். பெயரை ஒருமுறைகூடச் சொல்லமாட்டார்கள். கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து அதன் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே சிறிய கட்டத்தில் +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றிருந்தால், 12-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 192-ஐத்தான்; 450 என்பது விற்பதற்கு எழுதியது. ஓவர்கிளாக் செய்த 2500கே மட்டுமே 150 வாட்டை நெருங்கும். கையில் தூக்கினால் காற்றடைத்த டப்பா போல் லேசாக இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதன் ஜன்னலில் டார்ச் அடித்தும் பாருங்கள். நம் பக்கத்தில் பல்லி உள்ளே போய்க் கருகிக் கிடப்பது புதிதல்ல. வாட்டர் கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்று ஆண்டாவது வாரண்டி தரும் நல்ல 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள், ஜிஎஸ்டி பில்லோடு. பில் வேண்டாம் என்றால் 300 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்பார் கடைக்காரர். அந்த 300 ரூபாய்தான் உங்கள் வாரண்டி.

யூ.பி.எஸ்.ஸையும் கவனியுங்கள். 600 விஏ என்று எழுதிய சிறிய யூ.பி.எஸ்.கள் பல 360 வாட்டுக்கு மேல் தாங்காது, அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். கம்ப்யூட்டர் அணையும் அதே நொடியில் யூ.பி.எஸ். 'டக்' என்று சத்தம் போடுகிறதா என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். போட்டால், சுவரில் வோல்டேஜ் இறங்கி அது பேட்டரிக்குத் தாவியிருக்கிறது, செத்த பேட்டரி சுமையைத் தாங்கவில்லை. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே போர் மோட்டார்களை வைத்துக் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் காலம் இது. விதிப்படி 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். 216-க்குக் கீழே வரக்கூடாது. எங்கள் தெருவில் பிற்பகலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மின்வாரியத்தாருக்கு மீட்டர் வைத்துக் காட்டினால், டிரான்ஸ்பார்மர் மாற்ற மேலே எழுதியிருக்கிறோம் என்ற பதில் வரும். மேலே என்பது எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. நீங்கள் காத்திருக்க வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். மூன்றாவது துளையில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்றால் இல்லை என்று பொருள்.

கூலரைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சைப்பயறு அளவு புது பேஸ்ட் வைத்துப் பொருத்துங்கள். தகடுகளுக்கிடையே அறுவடைத் தூசியும் ஈரமும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும், பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். வந்த கூலர் இன்டெல் கொடுத்த சிறிய வட்டக் கூலராக இருந்தால் 4.2 அதற்குத் தாங்காது. 120 மில்லிமீட்டர் மின்விசிறியோடு வரும் செங்குத்துக் காற்றுக் கூலர் ஒன்றை வாங்கினால் போதும்.

இதையெல்லாம் நீங்களே செய்யத் தயக்கமாக இருந்து விற்றவரிடமே கொண்டுபோவதானால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டுப் போங்கள். அதில் இருப்பவை ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்கள். டிஸ்க் இல்லாமல் சோதிக்க முடியாது என்று அவர் சொன்னால், பயாஸ் திறக்கவும் பென் டிரைவில் மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டவும் டிஸ்க் தேவையில்லை என்று சொல்லுங்கள்.