கிணற்றடியில் நிற்கிற மகன்: முரசுமோட்டை அம்மாவுக்கு

வாயால் சொல்லுறதை நிறுத்துங்கோ. "வாளியை எடு", "சவர்க்காரம் போடு" எண்டு நீங்கள் சொல்லுமட்டும் ஓட்டிசம் உள்ள 17 வயது மகன் அசையாமல் நிற்கிறான் எண்டு எழுதியிருக்கிறீங்கள். பெரும்பாலும் அவனுக்குக் குளிக்கத் தெரியும். உங்கட குரலும் குளிப்பில ஒரு படியாகிவிட்டது; அதுக்காகத்தான் காத்து நிற்கிறான்.

நாளைக்கு ஒரு படியில மட்டும் பேசாமல், மனதுக்குள்ள இருபது வரை எண்ணிப் பாருங்கோ. கை தானாக அசைந்தால் காரணம் இதுதான்.

பிறகு படங்கள். அவன்ர வாளி, அவன்ர சவர்க்காரம், அவன்ர துவாய், போனில எடுத்து லமினேட் செய்து வரிசையாகக் கட்டிவிடுங்கோ. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓட்டிசம் உள்ளவர்களுக்காக 1972இல் தொடங்கிய டீச் (TEACCH) திட்டமும் இப்படிக் கண்ணால் பார்த்துச் செய்யிறதைத்தான் நம்பியிருக்கு. தடுமாறினால் பின்னால நின்று முழங்கையை மெல்லத் தொட்டுப் படத்தைக் காட்டுங்கோ, பேசவேண்டாம். கிழமைக்குக் கிழமை அந்தத் தொடுகையையும் குறையுங்கோ. என்ர மகன், பச்சைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகச் சிவப்பு வாங்கின அண்டைக்கு அப்படியே நின்றுவிட்டான். படத்தில இருக்கிறதே கையிலும் இருக்கவேணும்.

ஒன்று கவனம்: ஓட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த வயதில வலிப்பு வரக்கூடும். கிணற்றடியில தனிய விடாதேங்கோ. தண்ணியை அள்ளிவைத்து, கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளிக் குளிக்கவிட்டு எட்ட நின்று பாருங்கோ. முந்தித் தானாகக் குளித்தவன் திடீரென்று நிறுத்தியிருந்தால், படத்துக்கு முதல் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.