பெட்ரோல் கார்டுல பாயின்ட் குறைஞ்சிடுச்சு, வச்சுக்கலாமா வேணாமா? – வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல் பங்க் பேரு போட்ட கிரெடிட் கார்டு பத்தி இந்த வாரம் நிறைய கடிதம். எல்லாத்துலயும் ஒரே வருத்தம், முன்ன மாதிரி பாயின்ட் வர்றதில்லன்னு. யார் எந்த பேங்க் மேல குறை சொல்லியிருக்காங்கன்னு பேரை எடுத்துட்டேன். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச கார்டுகளோட கணக்கைப் பேரோடவே சொல்றேன், அப்பதான் உங்க கார்டோட ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

கேள்வி: சார், நான் மெடிக்கல் ரெப். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடுன்னு தினமும் பைக்லதான் சுத்தறேன், ஞாயித்துக்கிழமைன்னா குடும்பத்தோட கார். மாசம் பெட்ரோலுக்கு நாலாயிரம் கிட்ட போயிடுது. பங்க் கார்டு ஒண்ணு வச்சிருக்கேன். போன மாசம் மெசேஜ் வந்துச்சு, ரிவார்டு விதிமுறை மாறுது, விவரத்துக்கு லிங்க்கைப் பாருங்கன்னு. உள்ள போனா பக்கம் பக்கமா இங்கிலீஷ். இதையே வச்சுக்கறதா, வேற வாங்கறதா? – வாசகர், நாமக்கல்

பதில்: அத்தனை பக்கத்தையும் படிக்க வேணாம் சார். நூறு ரூபாய்க்கு எத்தனை பாயின்ட், ஒரு பாயின்ட் எத்தனை பைசா, மாசத்துக்கு அதிகபட்சம் எத்தனை பாயின்ட், வருஷக் கட்டணம் எவ்ளோ, எவ்ளோ செலவு பண்ணா அது தள்ளுபடி ஆகும், இதை மட்டும் தேடிப் பிடிங்க. விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்ட சதவீதத்துல பேங்க்காரங்க லேசுல கை வைக்க மாட்டாங்க, அது எல்லார் கண்ணுலயும் படும். கை வைக்கறதெல்லாம் மாச உச்சவரம்புலயும் கட்டணத் தள்ளுபடிலயும்தான்.

எச்டிஎஃப்சி இந்தியன் ஆயில் கார்டையே எடுத்துக்குங்க. 5 சதவீதம் ஃப்யூயல் பாயின்ட்னு போட்டிருக்கும், உண்மைதான். ஆனா பங்க்ல போடற பெட்ரோலுக்கு மொத ஆறு மாசம் மாசத்துக்கு 250 பாயின்ட் வரைக்கும்தான், அதுக்கப்புறம் 150 பாயின்ட்தான். ஒரு பாயின்ட்டோட மதிப்பு 96 பைசா. நீங்க மாசம் 4,000 ரூபாய்க்கு போட்டா 5 சதவீதத்துக்கு 200 பாயின்ட் வரணும், ஏழாவது மாசத்துலேர்ந்து 150லயே நின்னுடும், அதாவது 144 ரூபா. கணக்கு போட்டா 3.6 சதவீதம். கார்டுல 5ன்னுதான் இருக்கு, உங்க கைக்கு வர்றது 3.6. யாரும் உங்களுக்குப் பொய் சொல்லல, விதியே அப்படி எழுதியிருக்கு, மொத நாளே அந்த வரியைப் படிச்சிருந்தா ஏழாவது மாசம் மனசு கஷ்டப்படாது.

இப்ப பாரத் பெட்ரோலியம் பக்கம் வாங்க. எஸ்பிஐ கார்டு ரெண்டு விதமா குடுக்கறாங்க. சாதா கார்டுல 4.25 சதவீதம்னு விளம்பரம், ஆக்டேன்ல 7.25. பாத்த உடனே யாருக்கும் ஆக்டேன்தான் வேணும்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. சாதா கார்டுல நூறு ரூபாய்க்கு 13 பாயின்ட், ஆக்டேன்ல 25, ரெண்டுலயும் நாலு பாயின்ட் ஒரு ரூபா. உங்க 4,000க்கு சாதா கார்டுல மாசம் 130 ரூபா, ஆக்டேன்ல 250. வருஷத்துக்கு சாதா கார்டுல 1,560, ஆக்டேன்ல 3,000. ஆனா சாதா கார்டோட வருஷக் கட்டணம் 499, ஜிஎஸ்டி சேத்து 589. ஆக்டேன் 1,499, ஜிஎஸ்டியோட 1,769. கழிச்சா சாதா கார்டுல 971 மிச்சம், ஆக்டேன்ல 1,231. இன்னும் முடியல. சாதா கார்டுல வருஷம் 50,000 செலவு பண்ணா கட்டணம் தள்ளுபடி. உங்களுக்கு பெட்ரோலே 48,000 வந்துடுது, கூட கொஞ்சம் மளிகை வாங்கினா தாண்டிடுவீங்க. அப்ப 1,560 முழுசா உங்களுக்குத்தான், ஆக்டேன் 1,231லயே நிக்கும், ஏன்னா அதுக்கு கட்டணம் போகணும்னா வருஷம் ரெண்டு லட்சம் செலவு பண்ணணும். 7.25ஐ விட 4.25 உங்களுக்கு லாபம்! இதே நீங்க மாசம் 8,000க்கு பெட்ரோல் போடறவரா இருந்தா ஆக்டேன்தான் சரி. அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரர் என்ன கார்டு வச்சிருக்கார்னு கேட்டு வாங்காதீங்க, உங்க மாச பெட்ரோல் கணக்கை வச்சு வாங்குங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்.

அந்த 4.25, 7.25 ரெண்டுலயும் ஒரு சதவீதம் சர்சார்ஜ் தள்ளுபடின்னு சேத்திருக்காங்க பாருங்க, அதை நான் லாபத்துல சேக்கவே இல்ல. காசு குடுத்து போட்டா அந்த சர்சார்ஜே கிடையாதே, கார்டு தேய்ச்சதாலதானே அந்த கூடுதல் கட்டணமே வருது. உங்க ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்க, பங்க்ல 1,000 ரூபாய்க்கு தேய்ச்ச அன்னைக்கு சர்சார்ஜ் 10 ரூபா, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 1 ரூபா 80 காசு ஏறியிருக்கும். அப்புறம் 10 ரூபா திரும்ப வரும், 1.80 வராது. சின்ன தொகைதான், ஆனா ஒவ்வொரு தடவையும் போகுது. இன்னொண்ணு, நிறைய கார்டுல 400 இல்லன்னா 500 ரூபாய்க்கு மேல போட்டாதான் அந்தத் தள்ளுபடியே உண்டு. பைக்குக்கு தினமும் 200, 200ன்னு போடறவங்களுக்கு சர்சார்ஜ் அப்படியே நிக்கும். பைக்குக்கு சில்லறையா போடறதை சாதா யூபிஐல குடுத்துட்டு, காருக்கு போடும்போது கார்டை நீட்டுங்க.

கேள்வி: முன்னாடி கார்டுல பெட்ரோல் போட்டா முக்கால் சதவீதம் தானா திரும்பி வரும். எந்த கார்டா இருந்தாலும் வந்துச்சு. அது எப்ப நின்னுச்சு, ஏன் நின்னுச்சு? – வாசகர், விருதுநகர்

பதில்: அது பேங்க் குடுத்தது இல்ல, பொதுத்துறை எண்ணெய் கம்பெனிங்க குடுத்தது. 2016 நவம்பர்ல பணமதிப்பிழப்பு வந்ததுக்கப்புறம் ஜனங்க கார்டுக்கு மாறணும்னு டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, 0.75 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு மட்டும் 2019 அக்டோபர் 1லேர்ந்து நிறுத்திட்டாங்க.

நடுவுல ஒரு சண்டை நடந்துச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2017 ஜனவரில சில பேங்க்குங்க கார்டு பரிவர்த்தனைக்கு ஒரு சதவீதம் பங்க்காரங்க கிட்ட பிடிப்போம்னு சொன்னதும், இனிமே கார்டே வாங்க மாட்டோம்னு டீலர் சங்கம் கிளம்பிடுச்சு, அப்புறம் அரசாங்கம் தலையிட்டு தள்ளிப் போட்டாங்க. பங்க் முதலாளிக்கு லிட்டருக்கு இவ்ளோன்னு கட்டி வச்ச கமிஷன்தான், விலையை ஏத்தி ஈடுகட்டவும் முடியாது. துணிக்கடை, ஓட்டல்ல தேய்ச்சா கடைக்காரர் கிட்டேர்ந்து பேங்க்குக்கு நல்லா கிடைக்கும், பங்க்ல அந்த அளவுக்கு இடமே இல்ல. பெட்ரோலுக்கு குடுக்கற பாயின்ட்தான் மொதல்ல வெட்டு வாங்குதுன்னா அதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இந்தியன் ஆயில் சிட்டி கார்டு ரொம்ப வருஷமா வச்சிருந்தேன். டர்போ பாயின்ட்னு வரும், பங்க்லயே அதை வச்சு பெட்ரோல் போட்டுக்கலாம், எனக்கு அது ரொம்ப சுலபமா இருந்துச்சு. இப்ப கார்டு பேங்க்கே மாறிடுச்சு, பாயின்ட் பேரும் மாறிடுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. – வாசகி, மதுரை

பதில்: டீச்சர், உங்க மாதிரி நிறைய பேர் இருக்காங்க. நடந்தது இதுதான். சிட்டி பேங்க் இந்தியால தனிநபர் வங்கிச் சேவையே வேணாம்னு முடிவு பண்ணி ஆக்ஸிஸ் பேங்க்குக்கு வித்துடுச்சு. 2022 மார்ச்ல அறிவிச்சாங்க, 2023 மார்ச் 1ல கைமாறுச்சு, கார்டுங்க 2024 ஜூலைல ஆக்ஸிஸுக்கு மாறுச்சு. பழைய கார்டுல 150 ரூபாய்க்கு 4 டர்போ பாயின்ட், ஒரு பாயின்ட் ஒரு ரூபா, அதாவது சுமார் 2.67 சதவீதம். அதுல பெரிய அழகே ஒரு பாயின்ட் ஒரு ரூபாங்கறதுதான், பேப்பர் பேனா இல்லாமலே கணக்கு புரியும். அந்த எளிமை போனது எனக்கும் வருத்தம்தான், வயசானவங்களுக்கு அது எவ்ளோ நிம்மதின்னு கார்டு வடிவமைக்கறவங்க யோசிக்கணும்.

புது கார்டு வந்தா பாயின்ட் எண்ணிக்கையைப் பாத்து ஏமாறவும் வேணாம், பயப்படவும் வேணாம். உதாரணத்துக்கு இந்தியன் ஆயில் ஆக்ஸிஸ் சாதா கார்டுல நூறு ரூபாய்க்கு 20 பாயின்ட்னு சொல்லுவாங்க, ஒரு பாயின்ட் 20 பைசாதான், ஆக 4 ரூபா. அதுவும் மாசம் 5,000 ரூபா பெட்ரோல் வரைக்கும்தான். உங்க கையில இருக்கறது எந்த கார்டுன்னு மொதல்ல பேரைப் பாருங்க. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க டீச்சர்: "என் பாயின்ட் மொத்தத்தையும் இன்னைக்கு பெட்ரோலா மாத்தினா எத்தனை ரூபா?" பதில் ரூபாய்ல வர்ற வரைக்கும் விடாதீங்க. மாத்தறதுக்கு தனியா கட்டணம் உண்டான்னும் சேத்தே கேட்டுடுங்க, சில பேங்க்ல ஒவ்வொரு தடவைக்கும் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் எடுக்கறாங்க. கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா கட்டணத்துக்கே பாதி போயிடும்.

கேள்வி: ரூபே கிரெடிட் கார்டை யூபிஐல இணைச்சு பங்க்ல ஸ்கேன் பண்ணித்தான் போடறேன். ரெண்டு மாசமா பெட்ரோல் பாயின்ட்டே ஏறல. விதி மாத்திட்டாங்களா? – வாசகி, திருப்பூர்

பதில்: விதி மாறாமலும் இருக்கலாம்மா. ஒவ்வொரு கடைக்கும் பேங்க்ல ஒரு வகை எண் இருக்கும், பங்க்குன்னா 5541 இல்லன்னா 5542. அந்த எண் வந்தாதான் பேங்க் கம்ப்யூட்டருக்கு இது பெட்ரோல்னு தெரியும். நீங்க ஸ்கேன் பண்ண க்யூஆர் வேற ஏதாவது வகைல பதிவாகியிருந்தா பாயின்ட் வராது. ஸ்டேட்மென்ட்ல அந்த வரில என்ன பேரு வந்திருக்குன்னு பாருங்க. பங்க் பேரு இல்லாம வேற பேரு இருந்தா சந்தேகம் சரிதான், அடுத்த தடவை ஸ்வைப் மெஷின்ல தேய்ச்சுப் பாருங்க. சில பழைய கார்டுல மெஷின் எந்த பேங்க்கோடதுங்கறதும் முக்கியம். ஐசிஐசிஐ எச்பிசிஎல் கோரல் கார்டுல எச்பி பங்க்ல ஐசிஐசிஐ மெஷின்ல தேய்ச்சாதான் 2.5 சதவீதம்னே போட்டிருந்தாங்க.

கேள்வி: ட்ராவல்ஸ் நடத்தறேன், மூணு வேன். டீசல் முழுக்க என் சொந்த கார்டுலதான். சமீபத்துல எக்ஸ்ட்ரா சார்ஜ் வந்திருக்கு. – வாசகர், சேலம்

பதில்: வரும். வியாபார டீசலை சொந்த கார்டுல போடறதை பேங்க்குங்க இப்ப கவனிக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஐசிஐசிஐல 2024 நவம்பர் 15லேர்ந்து பெரும்பாலான கார்டுல மாசம் 50,000 வரைக்கும்தான் சர்சார்ஜ் தள்ளுபடி. எச்டிஎஃப்சில ஒரே தடவைல 15,000க்கு மேல எரிபொருள் போட்டா ஒரு சதவீதம் கட்டணம். உங்களுக்கு ஏத்தது ஃப்ளீட் கார்டுதான், அதாவது வியாபாரத்துக்கு பல வண்டி ஓட்டறவங்களுக்குன்னே எண்ணெய் கம்பெனிங்க குடுக்கற கார்டு, இந்தியன் ஆயில்ல எக்ஸ்ட்ராபவர், பாரத்ல ஸ்மார்ட்ஃப்ளீட், எச்பில டிரைவ்டிராக் ப்ளஸ். எந்த வண்டி எங்க எவ்ளோ போட்டுச்சுன்னு கணக்கும் கையில இருக்கும்.

கேள்வி: வருஷக் கட்டணம் கட்டி ரெண்டு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள பாயின்ட்டைக் குறைச்சு, ஒரு சார்ஜும் புதுசா போட்டிருக்காங்க. கார்டை மூடணும்னா இழுத்தடிக்கறாங்க. என்ன செய்யலாம்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்க கோபம் நியாயம். ரிசர்வ் வங்கி 2022ல கொண்டு வந்த கார்டு விதிகள் உங்க பக்கம் இருக்கு. கட்டணத்தை மாத்தறதுக்கு குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி தெரிவிக்கணும், பின்தேதி போட்டு வசூலிக்கக் கூடாது. மாத்தின கட்டணம் உங்களுக்கு பாதகமா இருந்து நீங்க கார்டை ஒப்படைக்கறேன்னா, பாக்கியைக் கட்டிட்டா போதும், மூடறதுக்குன்னு தனியா காசு கேக்கக் கூடாது. மூடச் சொல்லி கேட்டதுலேர்ந்து ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், பாக்கி எதுவும் இல்லாம இருந்தும் தாமதம் பண்ணா நாளுக்கு 500 ரூபா உங்களுக்குத் தரணும். இந்த விதி கட்டணத்தைப் பத்தினது, பாயின்ட் குறைஞ்சதை அப்படியே இதுல சேக்க முடியாது, அதனால கடிதத்துல புது சார்ஜை முன்னாடி எழுதுங்க. மீதி மாசத்துக்கான கட்டணத்தையும் திருப்பிக் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

மூடறதுக்கு முன்னாடி இருக்கற பாயின்ட்டையெல்லாம் மறக்காம பெட்ரோலாவோ பில் கழிவாவோ மாத்திடுங்க, மூடினதுக்கப்புறம் போராடறது கஷ்டம். போன்ல சொல்லாதீங்க, ஈமெயில் அனுப்புங்க, தேதி இருக்கும். 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லன்னாலோ பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் கிட்ட புகார் குடுக்கலாம், 14448க்கு கூப்பிட்டா வழி சொல்லுவாங்க. பில்லுல பாக்கி இருந்தா அதை மொதல்ல முழுசா கட்டிடுங்க, மாசம் மூணரை சதவீதத்துக்கு மேல வட்டி ஓடற இடத்துல பாயின்ட் சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்.