அப்பாவின் அலமாரியில் இருக்கும் பொடிகள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வில்லிவாக்கத்தில் எங்களுடன் வசிக்கிறார். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும், கடந்த ஓராண்டாக ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நடைப்பயிற்சியில் உடன் வரும் நண்பர் சொன்னதைக் கேட்டு, மூன்று மாதங்களாக நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூப் பொடியும் வாங்கிச் சாப்பிடுகிறார். விடாத வறட்டு இருமலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்கிறார். காலையும் இரவும் சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைத் தானாகவே காலை மட்டும் என்று குறைத்துவிட்டார். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "இதற்குப் பக்கவிளைவே கிடையாது" என்கிறார். இவ்வளவு படித்தவர், இத்தனை மருத்துவமனைகள் உள்ள நகரத்தில் இருந்துகொண்டு, ஏன் இதை நாடுகிறார்? நான் தடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அரசுப் பணியில் சித்த மருத்துவராக 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் கேள்விக்கு நான் மூலிகையின் பக்கம் சாய்ந்து பதில் சொல்வேன் என்று உங்கள் தந்தையார் எதிர்பார்க்கக்கூடும். என் பதிலில் ஒரு பகுதி அவருக்குப் பிடிக்கும். இன்னொரு பகுதி பிடிக்காது. இரண்டையும் அவர் முன்னிலையில் படித்துக்காட்டுங்கள்.

படித்தவர் ஏன் இதை நாடுகிறார் என்ற வியப்பை முதலில் விட்டுவிடலாம். என்னிடம் வந்த நகரத்து நோயாளிகளில் கல்லூரி ஆசிரியர்கள், பொறியாளர்கள், மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர்கள்கூட உண்டு. அறியாமையால் வந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் தந்தையாரின் தலைமுறைக்கு மருந்து என்பது அஞ்சறைப்பெட்டியில் தொடங்கிய ஒன்று. சளி என்றால் சுக்கும் மிளகும், வயிறு உப்பினால் ஓமம், குழந்தைக்கு வசம்பு என்று வளர்ந்தவருக்கு நாட்டு மருந்துக் கடை அந்நியமான இடம் அன்று. அது வீட்டுச் சமையலறையின் நீட்சி. மாநகரத்துக்குக் குடிவந்தபோது தோட்டமும் பாட்டியும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த இரண்டுக்கும் ஈடாக இருப்பது சந்தை ஓரத்தில் சரக்கு மூட்டைகளோடு நிற்கும் அந்தக் கடைதான்.

அரசும் இதற்கு ஓர் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. 2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், பப்பாளி இலைச்சாற்றையும், மலைவேம்பு இலைச்சாற்றையும் அரசு மருத்துவமனைகளிலேயே கொடுத்தார்கள். 2020இல் கொரோனா வந்தபோது 15 மூலிகைச் சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரைத் தெருமுனைகளில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். அதற்கு முன் சித்த மருத்துவரின் வாசலை மிதித்திராத பல குடும்பங்களுக்குக் கஷாயப் பொடி பழகிப்போனது அந்த ஆண்டுகளில்தான். ஒன்றை மட்டும் அப்போது பலர் கவனிக்கவில்லை: காய்ச்சலுக்குச் சில நாள் குடிக்கும் குடிநீர் வேறு, ஆண்டுக்கணக்கில் இருக்கும் நோய்க்குத் தினமும் உட்கொள்ளும் சூரணம் வேறு.

பணம் ஒரு காரணமா என்று கேட்டால், உங்கள் வீட்டில் இல்லை என்றே நினைக்கிறேன். மெட்ஃபார்மின் மிக மலிவான மாத்திரை. அழகிய புட்டியில் அடைத்து விற்கப்படும் மூலிகைப் பொருள்கள் பலவற்றின் விலை அதைவிடப் பன்மடங்கு. உண்மையான காரணம், அந்த மாத்திரைக்கு முடிவு இல்லை என்பதில் இருக்கிறது. 56 வயதில் ஒருவரிடம் "இனி வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த 11 ஆண்டுகள் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை தன் கையைவிட்டுப் போய்விட்டது என்ற உணர்வு அவருக்கு வரும். நெஞ்சு வலித்தால் அவரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் ஓடுவார். நெஞ்சுவலிக்கு யாரும் சூரணம் கேட்டு வருவதில்லை. மூட்டுவலி, தோல் நோய், சர்க்கரை, மூலம், தூக்கமின்மை என, தீர்ந்தும் தீராமலும் கூடவே வரும் தொல்லைகளுக்குத்தான் நகரத்தார் மூலிகையைத் தேடுகிறார்கள். அதிலும் பெரும்பாலோர் ஆங்கில மருந்தை விட்டுவிடுவதில்லை. இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள், இரு தரப்புக்கும் தெரியாமல்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கூட்டம் நெரியும் மருத்துவமனையில் உங்கள் தந்தையாருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து மாத்திரை எழுதியாக வேண்டும். சித்த மருத்துவர் நாடி பிடிக்கிறார், மலச்சிக்கல் உண்டா என்கிறார், இரவு எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், நாவில் என்ன சுவை தெரிகிறது என்று கேட்கிறார், பிறகு பத்தியம் சொல்கிறார். பத்தியம் என்பது நோயாளிக்குக் கிடைக்கும் ஒரு வேலை. தானும் தன் குணமாதலில் பங்கெடுக்கிறோம் என்ற நிறைவை அது தருகிறது. உங்கள் தந்தையார் அந்த நிறைவைத் தேடிப் போனார். ஆனால் மருத்துவரிடம் போகாமல் கடைக்குப் போய்விட்டார். என் மனவருத்தம் அதில்தான்.

"பக்கவிளைவே கிடையாது" என்பதற்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள் சித்த மருத்துவத்தைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு அதைச் சிறுமைப்படுத்துகிறார்கள். உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளும் அளவு மீறினாலோ பொருந்தாத உடலில் சேர்ந்தாலோ தீங்கும் செய்யும். அதனால்தான் சேராங்கொட்டையையும் நாவி என்னும் நச்சுக் கிழங்கையும் சுத்தி செய்யாமல் (நச்சு நீக்காமல்) மருந்தில் சேர்க்கக் கூடாது என்கிறது நம் முறை; நஞ்சு மருத்துவம் என்று தனித் துறையே இருக்கிறது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை உங்கள் தந்தையார் சொல்லியிருப்பார். பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் சித்த மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை தனியாக வருவதில்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று இன்னும் ஆறு சரக்குகள் அதனுடன் சேர்கின்றன. அளவும் ஆளைப் பார்த்துத்தான்.

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயர் உண்டு. அதன் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு இனிப்புச் சுவையே தெரியாது. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கும் தன்மை அதற்கு இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் அவர் சாப்பிடுகிறார் என்றால், அதுவும் இந்தப் பொடியும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்குக் கீழே இறக்கிவிட வாய்ப்பு உண்டு: வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் என்று வரும். அந்த நேரத்தில் குளுக்கோஸ் கொடுங்கள். இனிப்பே தெரியவில்லை என்று அவர் சொன்னாலும் குளுக்கோஸ் தன் வேலையைச் செய்யும். மறுபுறம், மெட்ஃபார்மினைப் பாதியாக்கியதால் சர்க்கரை மெல்ல ஏறிக்கொண்டிருக்கவும் கூடும். அதற்கு வலியோ எச்சரிக்கையோ இராது. எது நடக்கிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு வாரம் அளந்து குறித்துவையுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினையும் செய்துவிடுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்குள் அளவு 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, பொடியைப் பற்றி. கடைக்காரர்கள் எல்லோரையும் நான் சந்தேகிக்கவில்லை. சரக்கை முகர்ந்து பார்த்தே வயதைச் சொல்லக்கூடிய பெரியவர்களை அந்தக் கடைகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் இலையாகவும் வேராகவும் பட்டையாகவும் இருக்கும்போதுதான் அவர்களாலும் அடையாளம் காண முடியும். பொடியாக்கிவிட்டால் எந்தச் சரக்கும் ஒன்றுபோலத்தான். ஒரு செடியின் இடத்தில் இன்னொரு செடி வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி அதில் கலந்திருந்தது. அதுவும் மூலிகைதான். இது போதாதென்று, பெயர் ஒட்டாத "சர்க்கரைப் பொடி"களில் ஆங்கில மாத்திரையையும், மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டையும் அரைத்துக் கலந்து விற்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூலிகைப் பொடி இரண்டே நாளில் அதிசயம் காட்டினால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

ஆகவே வாங்குவதென்றால் சரக்காக வாங்கி, பார்த்து, சுத்தம் செய்து, வீட்டில் இடித்துக்கொள்ளட்டும். தயாரித்த மருந்தென்றால் உரிம எண், தொகுதி எண், உள்ளே என்னென்ன இருக்கின்றன, எப்போது காலாவதியாகும் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டு மருந்துகள் சட்டம் சித்த மருந்துகளையும் கட்டுப்படுத்துகிறது. சர்க்கரையை அடியோடு குணப்படுத்துவோம் என்று எந்த விளம்பரமாவது சொன்னால், அந்த விளம்பரமே மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதை உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள். வங்கியில் இருந்தவர், சட்டப் பிரிவைச் சொன்னால் காது கொடுப்பார்.

தடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் விடை: இரண்டும் வேண்டாம். தடுத்தால் அவர் நிறுத்தமாட்டார், மறைப்பார். இப்போதே மருத்துவரிடம் மறைக்கிறார். நாளை உங்களிடமும் மறைப்பார். மருத்துவர் திட்டுவார் என்ற பயம்தான் மறைப்பதற்குக் காரணமாக இருக்கும்; அது வீண் பயமும் அன்று, சில மருத்துவர்கள் திட்டத்தான் செய்கிறார்கள். ஆகையால் ஒரு மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நீங்கள் சாப்பிடுகிற பொடி எல்லாவற்றையும் எனக்குக் காட்டுங்கள், நான் எழுதிவைத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். என்ன பொடி, எவ்வளவு, எத்தனை வேளை, எதனுடன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில் அவருடைய எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள். பொடி உறைகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு முதலில் வழக்கமான மருத்துவரிடம் நீங்களும் கூடச் செல்லுங்கள். அதுவரை மெட்ஃபார்மினைப் பழைய அளவுக்கே கொண்டுவரட்டும், பொடியை நிறுத்திவைக்கட்டும். குறைப்பதாக இருந்தால் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் குறைப்பார்.

அவருக்குச் சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருப்பதை மதித்து, அந்தத் தாளோடு தகுதி பெற்ற சித்த மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வில்லிவாக்கத்துக்கு அரும்பாக்கம் பக்கம்தான். அங்கே அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது, ரயிலிலேயே போய்விடலாம். நடைப்பயிற்சி நண்பர் தரும் யோசனைக்கும் அங்கே கிடைக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டை அவரே பார்த்துக்கொள்வார்.

கடைசியாக அதிமதுரம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இந்த வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதிமதுரத்தை நாள்தோறும் நெடுநாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர் அதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. அதை இன்றே நிறுத்தட்டும். அந்த வறட்டு இருமல் எப்போது தொடங்கியது என்று அவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய பிறகு என்றால், மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள்: எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பெயர்கள் இருந்தால், அவற்றுக்கு வறட்டு இருமல் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மாத்திரையால் வந்த இருமலுக்கு அதிமதுரம் சாப்பிட்டு, அந்த மாத்திரை குறைக்க முயலும் அழுத்தத்தையே அவர் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அந்த மாத்திரையை அவராக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார். அப்படிப்பட்ட மாத்திரை எதுவும் இல்லையென்றால், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.