எலும்பு முறிவும் தாய்மேல் பழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஏழு மாதம். அதற்குள் இரண்டு முறை தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய் என்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் மாமியார். எந்தக் கால்சியம் டானிக் கொடுக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

டானிக்கை எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். என்னை உறுத்தியது மாமியாரைப் பற்றிய அந்த வரி. அதை நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

கருவில் தொடையெலும்பு முதலில் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். பிறகு எலும்பு செல்கள் அங்கே கொலாஜன் என்ற புரத நாரைப் பின்னுகின்றன. அந்த நார்மேல்தான் கால்சியம் படிகிறது. இந்த நோயில் பெரும்பாலும் அந்த நாருக்கான இரண்டு மரபணுக்களில் ஒன்றில் பிழை இருக்கும். பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவும் அது தோன்றும். நீங்கள் தின்றதாலும் வரவில்லை, தின்னாததாலும் வரவில்லை. பட்டினி கிடந்திருந்தாலும் இந்தப் பிழை வராது. பாலும் பழமுமாகத் தின்றிருந்தாலும் போயிருக்காது. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் அம்மா, மனதில் பதியட்டும் என்றுதான்.

என் அக்கா மகனுக்கும் இதே நோய். அவன் விழியின் வெள்ளை, இளநீலமாக இருக்கும். அங்கேயும் கொலாஜன் மெலிந்திருப்பதால் உள்நிறம் தெரியும். யாரும் அதைக் கவனிக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு மருத்துவர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, குழந்தையை யார் அடித்தது என்று கேட்டார். வீட்டுக்கு வந்தால், என்னத்தைத் தின்று பெற்றாய் என்று கேட்டார்கள். பிள்ளைக்கு மாவுக்கட்டு, தாய்க்குப் பழி. அவள் வாயே திறக்கவில்லை. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

முறிந்த எலும்பு கூடிவிடும். பருவ வயதுக்குப் பின் பலருக்கு முறிவுகள் குறைகின்றன. அதற்காக, பயந்துபோய்க் குழந்தையைத் தூக்காமலே கிடத்திவைக்காதீர்கள். சுமை படாத எலும்பு மெலியும். உடல் எடை எலும்பில் படாத விண்வெளியில் தங்குபவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதம் 1 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அக்குளில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. விரல்களை அகல விரித்து, ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மற்றொன்றைத் தலைக்கும் தோளுக்கும் அடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். மாமியாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.