வீட்டில் நோயாளி, கையில் சாயம்: கேள்வி பதில்

வீட்டிலேயே துணிக்குச் சாயம் தோய்ப்பவர்கள், குடும்பத்தில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது அதை எப்படித் தொடர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பருத்திச் சாயம் எனக்குத் தெரிந்த துறை. சிகிச்சை பற்றிய கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

மகனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா. நான் ரியாக்டிவ் சாயத்தில் துப்பட்டா தோய்க்கிறேன். விட்டுவிட வேண்டுமா?

முதலில் அவனுடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால் தொடரலாம். கரைத்த சாயத்தைவிட உலர்ந்த பொடிக்குத்தான் பயப்பட வேண்டும். ரியாக்டிவ் என்பது பருத்தி இழையோடு வேதிவினையால் பிணையும் செயற்கைச் சாயம்; அதன் பொடி மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. சாயத் தொழிலாளர்கள் சிலர் அதனாலேயே ஆஸ்துமாவுக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஒவ்வாமை வந்துவிட்டவருக்குப் பிறகு துளிப் பொடியே போதும், இழுப்பு வந்துவிடும். ஆகவே மகன் பள்ளிக்குப் போன பிறகே டப்பாவைத் திறங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நனைத்த செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்துக் கரைத்தால் சிந்தும் பொடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். என்95 முகக்கவசம் கட்டாயம். முடிந்ததும் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுப்பு கூடினால், பொடி அந்த வீட்டில் இருக்கவே கூடாது.

பக்கவாதம் வந்த மாமனாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

நானும் படுக்கையில் இருந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டே தோய்த்தவள்தான். உங்களுக்காகக் காத்திருக்கும் முறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கொதிக்கும் சாயம் உங்களை நகரவிடாது, குளிர்முறை விடும். துணியைச் சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, சாயத்தை ஊற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் 24 மணி நேரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். அலசுவதற்குச் சில மணி நேரம் தாமதமானாலும் துணி கெடாது. ஆனால் சோடாவைச் சாயக் கரைசலிலேயே கலந்துவிடாதீர்கள். கலந்ததுமே அதன் வலு குறையத் தொடங்கும். மாமனார் கூப்பிட்டு நீங்கள் போய்த் திரும்புவதற்குள் வீணாகிவிடும். இயற்கைச் சாயத்துக்காகப் படிகாரம் ஏற்றிய துணியை உலர்த்தி மடித்துவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

எல்லாவற்றையும்விடச் சுங்குடி முடிச்சு உங்களுக்குப் பொருந்தும். கட்டிலருகே உட்கார்ந்தே போடலாம், எந்த முடிச்சிலும் நிறுத்தலாம், பொடியும் இல்லை, புகையும் இல்லை.

சமையல் பாத்திரத்தில் சாயம் காய்ச்சலாமா?

கூடாது. சாயத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி வாளி.

பருத்தியில் சாயம் நிற்க வினிகர் எவ்வளவு?

வேண்டாம். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும், அதுவும் அமிலச் சாயத்தோடுதான். பருத்திக்கு ரியாக்டிவ் என்றால் சலவைச் சோடா.

மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. இயற்கைச் சாயத்துக்கு மாறிவிட்டேன். இனிப் பயமில்லைதானே?

எதைப் போட்டு நிறத்தைத் துணியில் பிடிக்கவைக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. கடுக்காயும் படிகாரமும் என்றால் பெரிய கவலை இல்லை. பொட்டாசியம் டைகுரோமேட் என்றால் இன்றே நிறுத்துங்கள். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். மயில்துத்தம் (செப்பு சல்பேட்) நஞ்சு. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அவுரி நீலத்தைக் கரைக்க ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) போட்டால் கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பும். என்95 தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அந்த வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

(அதே வாசகர்) நம் முன்னோர் காலங்காலமாக அவுரியில் தோய்த்தார்களே?

அவர்களுடைய தாழியில் ஹைட்ரோஸ் இல்லை. தகரை விதையைச் சுண்ணாம்போடு சேர்த்துப் புளிக்கவைத்தார்கள். அதைச் செய்யுங்கள், மகிழ்ச்சியோடு வழிமுறை தருகிறேன். சுண்ணாம்பு கையை அரிக்கும், கையுறை போடுங்கள். நாற்றமும் உண்டு, சிகிச்சையால் குமட்டல் உள்ளவருக்கு அது தாங்காது.

(இன்னொருவர்) அப்படியானால் செயற்கைச் சாயமே மேல் என்கிறீர்களா? நொய்யலை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆற்றைப் பற்றித் தனியாகப் பேசுவோம், நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கேள்வி, ஓர் அறைக்குள் ஒரு நோயாளி எதைச் சுவாசிக்கிறார் என்பது. தாழிக்குள் என்னென்ன போகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘இயற்கை’ என்று எழுதிய பொட்டலத்தையும் அப்படியே பாருங்கள்.

(மூன்றாமவர்) இயற்கைச் சாயத்தைக் குறை சொல்வது நம் மரபை இழிவுபடுத்துவதாகும்.

சாயவேர்ச் சிவப்பை என்னைவிட நேசிப்பவர் இங்கே எத்தனை பேர் என்று தெரியவில்லை. டைகுரோமேட் நம் மரபில் இல்லை.

பழைய குக்கரை நன்றாகக் கழுவிவிட்டால் பரவாயில்லையா?

கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

உப்பும் வினிகரும் சேர்த்தால் பருத்தியில் நிற்குமா?

நிற்காது. அதையும் மேலே சொல்லிவிட்டேன்.

துணி முகக்கவசம் போதுமா?

போதாது. முதல் பதிலைப் படியுங்கள்.

தோய்த்த மறுநாள் கையெல்லாம் தடிப்பு. சாயமா, சோடாவா?

எதுவாகவும் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போங்கள். சாய டப்பாவின் மேலுள்ள பெயரைப் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பொடியை எடுத்துப் போகாதீர்கள்.